கரண்ட் வந்தது, பிரிண்டர் வரவில்லை: லினக்ஸ் கணினியில் நெட்வொர்க் பிரிண்டர் பிழை நீக்கம்

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள சில தோட்டப் பாடசாலைகளின் கணினி அறைகளை நான் பார்த்துக்கொடுக்கிறேன். எல்லாம் பழைய மேசைக் கணினிகள். புது விண்டோஸ் அவற்றில் ஓடாது என்பதால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போட்டிருக்கிறோம். அதிபர் அறையில் ஒரு பிரிண்டர் இருக்கும், அது கேபிளிலோ வைஃபையிலோ ரவுட்டரோடு இணைந்திருக்கும். தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம் வந்துவிட்டால் போன் ஓயாது. ஒரு டீச்சர் வினாத்தாளை பென் டிரைவில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்: "தம்பி, நேத்து அடிச்சுதே, இன்னைக்கு ஏன் சும்மா நிக்குது?" அந்தக் கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பிரிண்ட் வரவில்லை என்றதும் பலர் பிரிண்டரைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டுத் திரும்பவும் சேர்க்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பழுது வேறெங்கோ இருக்கும். அழித்துச் சேர்த்ததில் ஒரே பிரிண்டர் நான்கு பெயரில் நிற்கும், பிள்ளைகள் செத்துப்போன பெயருக்கே பிரிண்ட் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தாள் எந்த இடத்தில் நின்றுபோனது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிரிண்டரிலா, வழியிலா, கணினியிலா?

அதற்கு மூன்று சோதனைகள் போதும். முதலில் கணினியைத் தொடாமல் பிரிண்டரின் பொத்தான்களாலேயே நெட்வொர்க் அறிக்கைத் தாள் ஒன்றை எடுங்கள். சிலவற்றில் தகவல் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலவற்றில் மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குள் இருக்கும். அந்தத் தாளே வரவில்லை என்றால் பிழை லினக்ஸில் இல்லை. தாள் வந்தால் அதில் ஐபி முகவரி என்று நான்கு எண்கள் இருக்கும், 192.168.1.50 மாதிரி. அந்த எண்ணை அப்படியே ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டியில் தட்டுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் வழி சரி. மூன்றாவதாக, கணினியின் பிரிண்டர் பட்டியலில் அது தயாராக இருக்கிறதா, நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் ஆகாது.

நேற்று வரை வேலை செய்தது, கரண்ட் போய் வந்ததும் நின்றுவிட்டது

மலைநாட்டில் எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான். மழையோடு கரண்ட் போகும், ஒரு மணித்தியாலத்தில் வரும், அதோடு பிரிண்டர் 'தொடர்பில் இல்லை' ஆகிவிடும்.

நடந்தது இதுதான். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி எண்ணைக் கடனாகத்தான் கொடுக்கிறது. கரண்ட் போனதும் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற கணக்கைச் சில ரவுட்டர்கள் மறந்துவிடும். திரும்ப வரும்போது முதலில் எழுந்த கருவிக்கு முதல் எண் போகும். நேற்று பிரிண்டருக்கு இருந்த எண் இன்று யாரோ ஒரு டீச்சரின் கைபேசியில் இருக்கும். கணினி பழைய எண்ணுக்கே பிரிண்டை அனுப்பிக்கொண்டிருக்கும். புது அறிக்கைத் தாள் எடுத்து, அதிலுள்ள எண்ணைக் கணினியில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

கணினியில் இருக்கும் எண்ணைப் பார்க்க, ஃபயர்பாக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, 631 என்று போடுங்கள். கப்ஸ் பக்கம் திறக்கும். லினக்ஸில் பிரிண்ட் வேலை முழுவதையும் நடத்துவது இந்தக் கப்ஸ்தான். பிரிண்டர்ஸ் பகுதியில் உங்கள் பிரிண்டரின் பெயரைத் தொட்டால், கனெக்ஷன் என்ற வரியில் அது போகும் முகவரி இருக்கும். எண் மாறியிருந்தால் மொடிஃபை பிரிண்டர் வழியாகத் திருத்தலாம்.

ஆனால் அடுத்த மின்வெட்டில் எண் திரும்பவும் மாறும். ஒரேயடியாக முடிக்க, ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், எண்களைப் பகிரும் டிஎச்சிபி பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்பதைத் தேடுங்கள். பிரிண்டரின் மேக் முகவரி, அதாவது அதன் சொந்த அடையாள எண், அந்த அறிக்கைத் தாளிலேயே இருக்கும், பன்னிரண்டு இலக்கமும் எழுத்துமாக. அதையும் நீங்கள் விரும்பும் ஐபி எண்ணையும் அங்கே சேர்த்துவிட்டால் அந்த எண் இனி வேறு யாருக்கும் போகாது. ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால் பிரிண்டரிலேயே நிலையான எண்ணைப் போடலாம். அப்போது ரவுட்டர் பகிரும் வரிசைக்கு வெளியே உள்ள எண்ணாக எடுங்கள். ரவுட்டர் கடைசி எண்ணை 100 இலிருந்து 200 வரை பகிர்கிறது என்றால் பிரிண்டருக்கு 50 போடுங்கள். போட்ட எண்ணை ஒரு துண்டில் எழுதி பிரிண்டரின் மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்து பழுது பார்க்க வருபவருக்கு அந்த ஒட்டுத்தாள் பெரிய உதவி.

ரவுட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கிக் கொடுக்க முடிந்தால் நல்லது. லேசர் பிரிண்டரை மட்டும் அந்த யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். அதன் உள்ளே தாளைச் சூடாக்கும் உருளை ஒரே இழுப்பில் நிறையக் கரண்ட் எடுக்கும், சிறிய யூபிஎஸ் தாங்காது.

அறிக்கைத் தாளில் எண் 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. பிரிண்டருக்கு ரவுட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை, தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரவுட்டர் முழுதாக எழுந்து இரண்டு நிமிடம் கழிந்த பிறகு பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். கேபிள் என்றால் இரண்டு முனைகளையும் கழற்றி மாட்டுங்கள்.

பிரிண்டர் பட்டியலிலேயே வரவில்லை

புதிதாகச் சேர்க்கும்போது வரும் சிக்கல் இது. தோட்டத்தில் காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள் அல்லவா, கணினியும் அப்படித்தான் நெட்வொர்க்கில் "பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று பொதுவாகக் கூப்பிடுகிறது. பிரிண்டர் கையைத் தூக்கினால் பட்டியலில் வரும். லினக்ஸில் இந்தக் கூப்பிடும் வேலையைச் செய்வது அவாஹி என்ற நிரல், பயன்படுத்துவது யுடிபி 5353 ஆம் போர்ட். சத்தம் எட்டாத இடத்தில் பிரிண்டர் இருந்தால் பதில் வராது.

சத்தம் எட்டாமல் போக நான் அடிக்கடி காணும் காரணம் இரண்டு ரவுட்டர். பாடசாலைக் கட்டடம் நீளமாக இருக்கும், சிக்னல் கடைசி வகுப்புவரை போகாது, ஆகவே யாராவது இன்னொரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டியிருப்பார்கள். அதிபர் அறையில் எண்கள் 192.168.1 என்று தொடங்கும், கணினி அறையில் 192.168.0 என்று தொடங்கும். ஒரே வயரில் இருந்தாலும் இரண்டும் இரண்டு வெவ்வேறு வீடுகள். இரண்டாவது ரவுட்டரில் டிஎச்சிபியை அணைத்து, அதன் சொந்த எண்ணை முதல் ரவுட்டரின் வரிசையில் யாருக்கும் போகாத ஓர் எண்ணாக மாற்றுங்கள். பிறகு முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை 'வான்' துளையிலிருந்து கழற்றி 'லான்' துளையில் குத்துங்கள். இரண்டும் ஒரே வீடாகிவிடும். இந்த ஒரு வேலையால் மூன்று பாடசாலைகளில் பிரிண்டர் தானாகவே பட்டியலுக்கு வந்திருக்கிறது.

மற்றக் காரணங்கள் சின்னவை. கணினி 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தால் மற்றக் கருவிகளைக் காண முடியாது. பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும், 5 இல் சேராது. ஃபயர்வோல் போட்டிருந்தால் அதில் எம்டிஎன்எஸ் என்ற அந்தக் கூப்பிடும் முறையை அனுமதியுங்கள். இன்னொன்று: 2024 செப்டெம்பரில் கப்ஸ் பிரவுஸ்ட் என்ற துணை நிரலில் கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. அப்போது பலர் அந்த நிரலை நிறுத்திவைத்தார்கள், அது சரியான முடிவு. புதிய பிரிண்டர்கள் அது இல்லாமலே பட்டியலில் வரும். ஆகவே பிரிண்டர் வரவில்லை என்பதற்காக அதைத் திரும்ப இயக்க வேண்டாம்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் கூப்பிடுவதை விட்டுவிட்டு நேராக வீட்டுக்கே போகலாம். பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் முகவரியைக் கையால் கொடுங்கள்: ஐபிபி என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிரிண்டரின் ஐபி எண், சாய்கோடு, மறுபடி ஐபிபி, சாய்கோடு, பிரிண்ட். மாடல் கேட்டால் ஐபிபி எவ்ரிவேர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பிரிண்டருக்கு இது பிடிக்காவிட்டால் ஜெட்டைரெக்ட் என்ற வகையில் 9100 ஆம் போர்ட்டைக் கொடுத்து, அந்த மாடலுக்கான டிரைவரை, அதாவது பிரிண்டரோடு கணினி பேச உதவும் நிரலை, போடுங்கள்.

இன்டர்நெட் டேட்டா முடிந்தால் பிரிண்ட் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். ஆகும். தாள் கணினியிலிருந்து ரவுட்டருக்கும் அங்கிருந்து பிரிண்டருக்கும் போகிறது, அவ்வளவுதான். வெளியுலகம் தேவையில்லை.

பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் நிற்கிறது, தாள் வரவில்லை

கப்ஸ் பக்கத்தில் பிரிண்டரின் பெயருக்குக் கீழே பாஸ்ட், அதாவது நிறுத்தப்பட்டிருக்கிறது, என்று இருக்கிறதா பாருங்கள். பிரிண்ட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால், கப்ஸ் அதை பிரிண்டரின் கோளாறு என்று எடுத்துக்கொண்டு வரிசையையே நிறுத்திவிடலாம். பிரிண்டர் நலமாக எழுந்த பிறகும் நிறுத்தியது நிறுத்தியதுதான். மெயின்டனன்ஸ் பட்டியலில் ரெஸ்யூம் பிரிண்டரை அழுத்தினால் காத்திருந்த எல்லாம் வரிசையாக வரும். அதற்கு முன் தேவையில்லாதவற்றை ரத்து செய்யுங்கள். ஒரே வினாத்தாளை ஆறு முறை அனுப்பிவிட்டு ஒரு டீச்சர் காத்திருந்தார், ரெஸ்யூம் கொடுத்ததும் ஆறும் வந்தன. தாளின் விலைக்கு அது சிறிய நட்டமல்ல.

இனி நிற்காமல் இருக்க, செட் டிஃபோல்ட் ஒப்ஷன்ஸ் உள்ளே பொலிசீஸ் பகுதியில் எரர் பொலிசி என்று ஒன்று இருக்கும். அதில் ஸ்டாப் பிரிண்டர் என்று இருந்தால் ரீட்ரை கரண்ட் ஜொப் என்று மாற்றுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இந்த மாற்றத்தை நான் எல்லாக் கணினியிலும் முதல் நாளே செய்துவிடுகிறேன்.

இந்தப் பக்கம் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால், கணினிக்குள் நுழைய நீங்கள் பயன்படுத்துபவற்றையே கொடுக்க வேண்டும். உபுண்டு, மின்ட், டெபியனில் அந்தப் பயனர் எல்பி அட்மின் என்ற குழுவில் இருந்தால்தான் ஏற்கும். பிள்ளைகளின் கணக்கை அந்தக் குழுவில் சேர்க்காதீர்கள்.

வரிசையில் 'அனுமதிக்காக நிறுத்தப்பட்டது' என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி நின்றால், பிரிண்டர் பெரும்பாலும் ஒரு விண்டோஸ் கணினியில் யூஎஸ்பியில் மாட்டிப் பகிரப்பட்டிருக்கும். அந்த விண்டோஸின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். எனக்குப் பிடித்த வழி வேறு: அந்த யூஎஸ்பி வயரை லினக்ஸ் கணினிக்கு மாற்றி, கப்ஸிலேயே பகிர்வை இயக்கிவிடுவது. கைபேசியிலிருந்தும் பிரிண்ட் எடுக்கலாம்.

தாள் தாளாகக் குறிகளும் புரியாத எழுத்துகளும் வருகின்றன

உடனே பிரிண்டரை அணையுங்கள், கணினியில் அந்த வேலையை ரத்து செய்யுங்கள், பிறகு போடுங்கள். ரத்து செய்யாமல் போட்டால் திரும்பவும் கொட்டும். முதல் வரி சதவீதக் குறி, ஆச்சரியக்குறி, அப்புறம் ஆங்கிலத்தில் பி, எஸ் என்று தொடங்கினால் காரணம் உறுதி. போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி தெரியாத பிரிண்டருக்கு நம் கணினி போஸ்ட்ஸ்கிரிப்ட்டில் பேசியிருக்கிறது. டிரைவர் தவறு. கப்ஸில் மாடலை மாற்றுங்கள்.

'ஃபில்டர் ஃபெயில்ட்' என்ற செய்தி

இதுவும் டிரைவர் விஷயம்தான். டிரைவர் இல்லை, அல்லது பாதிதான் இருக்கிறது. எச்பி பிரிண்டர்களுக்கு எச்பிலிப் என்ற தொகுப்பு உண்டு. சில லேசர் மாடல்களுக்கு அதோடு ஒரு பிளக்கின்னையும் தனியே இறக்க வேண்டும், எச்பிலிப் புதுப்பிக்கப்பட்டால் பிளக்கின்னும் அதே பதிப்பாக மாற வேண்டும். சிஸ்டத்தைப் புதுப்பித்த மறுநாள் பிரிண்டர் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். எப்சன் மை டாங்க் வகைகளில் பலவற்றுக்கு ஈஎஸ்சிபிஆர் என்ற டிரைவரும், பிரதர் லேசர்கள் பலவற்றுக்கு பிஆர்லேசர் என்ற திறமூல டிரைவரும் சொஃப்ட்வேர் மனேஜரிலேயே கிடைக்கும்.

புது பிரிண்டர் வாங்கப்போகும் அதிபர்களுக்கு நான் சொல்வது ஒன்று: பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 2010 இல் ஐபோனுக்காக ஆப்பிள் கொண்டுவந்த முறை அது. ஆப்பிளின் கணினிகளிலும் பிரிண்ட் வேலையைச் செய்வது கப்ஸ்தான். ஏர்பிரிண்ட் தெரிந்த பிரிண்டருக்கு லினக்ஸில் தனி டிரைவர் அநேகமாகத் தேவைப்படாது.

பிரிண்ட் வருகிறது, தமிழ் வரவில்லை

இதைப் பற்றி ஆங்கில வழிகாட்டிகள் எதுவும் சொல்லாது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் பாடசாலைகளில் வினாத்தாள்கள் இன்னும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டப்படுகின்றன. பாமினி, இன்று எங்கும் பயன்படும் யூனிகோட் குறிமுறை அல்ல. ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவத்தை மாட்டிவைத்த பழைய முறை. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி நிற்கும். டீச்சர் பயந்துபோய் "கோப்பு கெட்டுப்போச்சு" என்பார். கெடவில்லை. அந்த ஐந்து குறிகளும் பாமினியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. உடை மட்டும் இல்லை.

பாமினியின் எழுத்துருக் கோப்பை இன்னொரு கணினியிலிருந்து எடுத்து, லினக்ஸில் இரட்டைச் சொடுக்கினால் நிறுவும் பொத்தான் வரும். நிறுவியதும் லிப்ரே ஒஃபீஸை மூடித் திறங்கள். தமிழ் வந்துவிடும். எழுத்துக்குப் பதில் வெற்றுச் சதுரங்கள் வந்தால் அது யூனிகோட் தமிழ், எழுத்துரு இல்லை. நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருத் தொகுப்பை நிறுவினால் போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்து சரியாக வருகிறது, ஆனால் நான்காம் கேள்வியின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. டீச்சர் வீட்டில் லதா எழுத்துருவில் தட்டியிருப்பார், இங்கே அது இல்லாமல் வேறொன்று ஏறியிருக்கும், அகலம் வேறு. இதற்கு நான் டீச்சர்மாரிடம் கேட்டுக்கொள்வது: வீட்டிலேயே பிடிஎஃப்பாக மாற்றிக் கொண்டுவாருங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே வந்துவிடும், வரி அசையாது. திரையில் சரியாகத் தெரியும் பிடிஎஃப் தாளில் மட்டும் உடைந்து வந்தால், அதை ஃபயர்பாக்ஸில் திறந்து அங்கிருந்து பிரிண்ட் கொடுத்துப் பாருங்கள்.

தாள் இருக்கும்போதே தாள் கேட்கிறது

தட்டில் ஏ4 இருக்கும், பிரிண்டர் விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும். கோப்பு லெட்டர் அளவில் இருக்கிறது. லெட்டர் 216 க்கு 279 மில்லிமீற்றர், ஏ4 210 க்கு 297. லினக்ஸ் நிறுவும்போது பிராந்தியத்தை அமெரிக்கா என்று விட்டிருந்தால் எல்லாப் புதுக் கோப்பும் லெட்டரில்தான் பிறக்கும். பிராந்தியத்தை இலங்கை என்று மாற்றி, கப்ஸிலும் பிரிண்டரின் இயல்பு அளவை ஏ4 ஆக்குங்கள்.

தாள் சிக்குகிறது, மை திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது

லினக்ஸ் இதற்குப் பொறுப்பல்ல, ஆனாலும் பழி அதற்குத்தான் வருகிறது. நுவரெலியா பக்கம் பனி இறங்கும் மாதங்களில் பிரித்த தாள்கட்டு இரண்டு நாளில் ஈரம் பிடித்துவிடும். விரலால் ஓரத்தைத் தடவினால் தாள் மொரமொரப்பாக இருக்காது, துணிபோல் மடியும். அந்தத் தாள் லேசர் பிரிண்டருக்குள் சுருளும். தேவையான அளவை மட்டும் தட்டில் வையுங்கள், மீதியை உறையோடு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் போடுங்கள்.

மேலே சொன்ன எதிலும் அடங்கவில்லை என்றால்

கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் எல்பிஸ்டாட் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, அதை ஒட்டி, டீச்சர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான டி என்று தட்டுங்கள். எந்த பிரிண்டர், எந்த முகவரி, என்ன நிலை எல்லாம் ஒரே இடத்தில் வரும். கப்ஸின் பிழைப் பதிவு வார் கோப்புறைக்குள் லாக், அதற்குள் கப்ஸ், அதற்குள் எரர் லாக் என்ற கோப்பில் இருக்கிறது. பிரிண்ட் ஒன்று கொடுத்துவிட்டு அதன் கடைசி இருபது வரிகளை எடுங்கள். என்னைப் போன்ற யாரிடமாவது கேட்கப் போகும்போது 'பிரிண்ட் ஆகவில்லை' என்று மட்டும் சொல்லாமல், அந்த இருபது வரி, பிரிண்டரின் மாடல், அறிக்கைத் தாளின் ஒரு படம் மூன்றையும் அனுப்புங்கள். பொகவந்தலாவையிலிருந்து வந்த ஒரு சிக்கலை நான் பஸ்ஸில் ஏறாமலேயே தீர்த்தது அந்தப் படத்தை வைத்துத்தான். அதில் ஐபி எண் 169.254 என்று தொடங்கியது. ரவுட்டருக்குப் பின்னால் கேபிள் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.